மூச்சைக் காப்பதே முறிவு: பூச்சிக்கொல்லி நஞ்சும் திருப்பூர் வட்டாரமும்

திருப்பூர் என்றால் வெளியூர்க்காரருக்குப் பனியன் கம்பெனிகளின் நினைவுதான் வரும். ஆனால் 2009-இல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கிய இந்த மாவட்டத்தில், மாநகர எல்லையைத் தாண்டிவிட்டால் பெரும்பகுதி தோட்டங்காடுதான். உடுமலை, மடத்துக்குளம் பக்கம் தென்னையும் காய்கறியும், பல்லடம், பொங்கலூர் பக்கம் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும், அமராவதிப் பாசனத்தில் நெல், காங்கேயத்தில் மாடு. மகன் பனியன் கம்பெனிக்கும் தகப்பன் தோட்டத்துக்கும் போகிற குடும்பங்கள் ஏராளம். அதனால் பூச்சிமருந்து பாட்டில் தோட்டத்துச் சாளையிலும் இருக்கிறது, டவுனுக்குள் பத்துக்குப் பத்து லைன் வீட்டிலும் இருக்கிறது.

நஞ்சு உடலில் ஏறுவதற்கு மூன்று வழிகள். தெளிக்கும்போது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறுவது ஒன்று. தெரியாமல் உணவில் கலப்பதோ குழந்தை எடுத்துக் குடிப்பதோ இரண்டாவது. மனமுடைந்து தானே குடிப்பது மூன்றாவது. மருத்துவமனையில் சாவுகள் பெரும்பாலும் மூன்றாவது வகையில்தான் நிகழ்கின்றன. உலகில் நடக்கும் தற்கொலைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பூச்சிக்கொல்லியால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

இந்த நஞ்சை எப்படி அடையாளம் காண்பது, எந்தச் சிகிச்சை நிச்சயமாகப் பலன் தருகிறது, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது, இவற்றைப் பற்றி இதுவரை தெரிந்ததைத் தொகுத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. உயிரைக் காப்பது அபூர்வ மருந்து எதுவும் அல்ல. பழைய, விலை மலிந்த ஊசி ஒன்றை வேகமாகப் போடுவதும், நான்கு நாள் மூச்சைக் கண்கொட்டாமல் கவனிப்பதும்தான் காக்கின்றன.

நஞ்சு செய்யும் வேலை

அதிகம் கொல்லும் இரு குடும்பங்கள் ஆர்கனோபாஸ்பேட்டும் கார்பமேட்டும். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ், அசிபேட், டைமெத்தோயேட் ஆகியவை முதல் குடும்பம். கார்போபியூரான், மெத்தோமில், கார்பரில் இரண்டாவது. 1984-இல் போபாலில் யூனியன் கார்பைடு ஆலை தயாரித்துவந்தது இந்தக் கார்பரிலைத்தான். அதற்கான மூலப்பொருளாகிய மெத்தில் ஐசோசயனேட் வாயுவே அன்று கசிந்தது.

நரம்பு தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளை அனுப்பப் பயன்படும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் அதைச் சிதைத்து அப்புறப்படுத்துவது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. ஆர்கனோபாஸ்பேட் இந்த நொதியை முடக்கிவிடுகிறது. அசிட்டைல்கோலின் தேங்க, சுரப்பிகள் ஓயாமல் சுரக்கின்றன. நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்கிறது, இதயத்துடிப்பு குறைகிறது, தசைகள் துடித்துத் துடித்துச் சோர்ந்துபோகின்றன. பூச்சி சாவதும் மனிதர் சாவதும் ஒரே முறையில்தான். கார்பமேட்டும் இதையே செய்கிறது. ஆனால் அதன் பிடி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாகவே தளர்ந்துவிடும்.

கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

இந்த நஞ்சைச் சந்தேகிக்கப் பெரிய லேப் தேவையில்லை. கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். வாயில் எச்சில் வழியும், நுரை தள்ளும். சட்டை நனைய வியர்க்கும். வாந்தி, பேதி, தன்னையறியாமல் சிறுநீர் போவது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் களகளவென்று நீர்ச்சத்தம். கண்ணிமையிலும் கெண்டைக்காலிலும் தோலுக்கடியில் தசை நெளிவது தெரியும். துணியில் பூண்டு வாடையோ, மருந்தைக் கரைத்திருக்கும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானின் நெடியோ அடிக்கும்.

எல்லா அறிகுறியும் ஒருசேர இருக்காது. கண்மணி சுருங்காமலே வருபவர்களும் உண்டு, நாடி குறைவதற்குப் பதில் கூடியிருப்பவர்களும் உண்டு. அதனால் ஒரே ஒரு அறிகுறியைப் பிடித்துக்கொண்டு முடிவுகட்டக் கூடாது. ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்கும் சோதனை உறுதிப்படுத்த உதவும். ஆனால் அதன் முடிவு வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போட்டால், ரிப்போர்ட் வரும்போது நோயாளி இருக்கமாட்டார்.

நோயாளியோடு வருபவர் சொல்லும் தகவல்தான் அடுத்த ஆதாரம். இங்கே திருப்பூருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்யும் பிள்ளைகளை அறைத்தோழர்தான் தூக்கி வருவார். அவருக்குத் தமிழ் சரியாக வராது; குடித்தது எது என்றும் தெரியாது. அறையில் கிடக்கும் பாட்டிலையோ டப்பாவையோ கொண்டுவரச் சொல்வதும், முடியாவிட்டால் லேபிளை செல்போனில் படமெடுத்து அனுப்பச் சொல்வதும் பாதி நோயறிதலை முடித்துவிடும். இந்தியாவில் விற்கும் பூச்சிக்கொல்லி டப்பாக்களில் நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணக்குறி சட்டப்படி இருக்க வேண்டும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. நஞ்சின் பெயரும் முறிவு பற்றிய குறிப்பும் லேபிளிலோ உள்ளே மடித்து வைத்த தாளிலோ இருக்கும்.

வேஷம் போடும் நஞ்சுகள்

“மருந்து குடிச்சுட்டாங்க” என்று தூக்கி வந்ததும் கை தானாக அட்ரோபின் ஆம்பூலுக்குப் போவது கொங்கு மருத்துவமனைகளில் பழகிப்போன ஒன்று. பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். தவறிப்போகும் இடங்கள் சில உண்டு.

மாட்டுக்கு உண்ணி மருந்தாகப் பூசும் அமிட்ராஸ் ஒன்று. அதிலும் கண்மணி சுருங்கும், நாடி குறையும், மயக்கம் வரும். பார்வைக்கு அப்படியே ஆர்கனோபாஸ்பேட். ஆனால் எச்சிலும் வியர்வையும் அப்படி ஊற்றாது, நெஞ்சு நனைந்திருக்காது, ரத்தச் சர்க்கரை கூடியிருக்கும். இதற்கு முறிவு இல்லை. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் தாங்கிப்பிடித்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். தெரியாமல் அட்ரோபினை ஏற்றிக்கொண்டே போனால் அதுவே புதுத் தொல்லை.

சாணிப்பவுடர் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்துக்கே உரியது. வாசல் தெளிக்கும் மாட்டுச்சாணத்துக்குப் பதிலாக வந்த இந்தப் பொடி உண்மையில் செயற்கைச் சாயம்: மஞ்சள் பொடியில் ஆரமைன், பச்சைப் பொடியில் மாலகைட் கிரீன். சாயத்தொழில் செழித்த மண்ணில் சாயமே நஞ்சாகவும் மாறிப்போனது. உதடு, நாக்கு, வாந்தி, சிறுநீர் எல்லாவற்றிலும் அந்த நிறம் படிந்திருக்கும். மூளையையும் கல்லீரலையும் தாக்கும், முறிவு கிடையாது, ஆதரவுச் சிகிச்சை ஒன்றே வழி.

எலிபேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். முதல் நாள் வயிற்றுவலியும் வாந்தியும் வந்து அடங்கிவிடும். “நல்லாயிட்டான்” என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துக் கண் மஞ்சளாகி, கல்லீரல் செயலிழந்து திரும்பி வருவார். இதற்கு நேரான முறிவு இல்லை. ரத்தப் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை சிலரைக் காப்பதாக வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். எலிபேஸ்ட் தின்றவரை நலமாகத் தெரிந்தாலும் உடனே அனுப்பிவிடாமல், கல்லீரல் சோதனைகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் முறை.

தானியத்தில் வண்டு விழாமல் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இதயத்தையே தாக்கும், முறிவு இல்லை. பாராக்குவாட் களைக்கொல்லி வாயைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுத்து, பிறகு நுரையீரலை இறுகவைக்கும். மூச்சுத்திணறும் எவருக்கும் ஆக்சிஜன் கொடுப்பது வழக்கம். பாராக்குவாட்டில் மட்டும் ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் ஒழியக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அது நுரையீரலின் சேதத்தைக் கூட்டும். நஞ்சு இன்னதென்று அறிவது சிகிச்சையையே தலைகீழாக மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

முதல் ஒரு மணி நேரம்

வீட்டில் செய்யக்கூடாதவை முதலில். உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர், சாணிக்கரைசல், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது கூடாது. நினைவு மங்கியவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய், நஞ்சால் தப்பியவரும் நிமோனியாவில் போய்ச்சேர நேரும். செய்ய வேண்டியவை: இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைப்பது, நனைந்த துணியைக் கழற்றுவது, தோலையும் முடியையும் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுவது, 108-ஐக் கூப்பிடுவது. கழுவுபவர் கையுறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனையில் வரிசை இதுதான்: மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், அட்ரோபின். இரைப்பைக் கழுவல் அந்த வரிசைக்குப் பின்னால்தான். மூக்கில் குழாய் விட்டு இரைப்பையைக் கழுவினால்தான் வைத்தியம் நடக்கிறது என்று உறவினர்கள் நினைப்பார்கள். குடித்து ஒரு மணி நேரத்துக்குள் வந்தவருக்கு, மூச்சுவழியைப் பாதுகாத்த பிறகு செய்தால் ஓரளவு பலன் இருக்கலாம். திமிறுபவரைப் பிடித்துக் கட்டிவைத்துக் கழுவுவது ஆபத்து. நஞ்சை உறிஞ்சக் கரித்தூள் கொடுப்பதும் இப்படித்தான். இலங்கை மருத்துவமனைகளில் 4,632 நோயாளிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு, திரும்பத் திரும்பக் கரித்தூள் கொடுத்தும் சாவு குறையவில்லை என்று காட்டியது.

அட்ரோபினின் கதை வேறு. நொதியை மீட்காது, தேங்கிய அசிட்டைல்கோலின் சுரப்பிகளிலும் இதயத்திலும் செய்யும் கூத்தை அடக்கும். நம் ஊர் ஆம்பூலில் இருப்பது பெரும்பாலும் 0.6 மில்லிகிராம். நஞ்சேறிய பெரியவருக்கு முதல் ஊசியே 1.8 முதல் 3 மில்லிகிராம், அதாவது மூன்று முதல் ஐந்து ஆம்பூல். ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். நெஞ்சு காயவில்லையா? முன் அளவின் இரு மடங்கு. இன்னும் ஐந்து நிமிடம். மறுபடி இரு மடங்கு. நெஞ்சில் நீர்ச்சத்தம் நின்று, நாடி 80-ஐத் தாண்டி, மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல் வந்து, அக்குளில் கைவைத்தால் ஈரம் இல்லாமல் இருந்தால் இலக்கு எட்டியதாகும். அதன்பின், அதுவரை போட்ட மொத்த அளவில் பத்து முதல் இருபது சதவீதத்தை மணிக்கு மணி சொட்டுமருந்தாக ஏற்ற வேண்டும்.

வேகத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை சிட்டகாங் மருத்துவக் கல்லூரியில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பழைய முறையில் விட்டுவிட்டு ஊசி போட்டவர்களில் 22.5 சதவீதம் இறந்தார்கள். இரு மடங்காக்கி, பிறகு சொட்டாக ஏற்றியவர்களில் 8 சதவீதம்தான். மருந்து ஒன்றே, போட்ட விதம்தான் வேறு. அளவு மீறினாலும் கெடுதல் உண்டு: நோயாளி பிதற்றுவார், காற்றில் எதையோ பிடித்திழுப்பார், உடல் கொதிக்கும், குடல் சத்தம் அடங்கும், சிறுநீர் கட்டும். அப்போது சொட்டை நிறுத்தி, அடங்கியபின் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். முன்னாளில் கண்மணி விரிந்து நாடி எகிறும்வரை ஏற்றுவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் சில இடங்களில் போகவில்லை.

‘பாம்’ பற்றிய நீண்ட விவாதம்

முடங்கிய நொதியை மீட்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும் மருந்து பிராலிடாக்சிம். வார்டில் பெயர் ‘பாம்’. இது உண்மையில் உயிர் காக்கிறதா என்ற கேள்வியைக் கேட்டவர்களும் விடை தேடியவர்களும் பெரும்பாலும் தெற்காசியாவில் பணியாற்றிய மருத்துவர்கள். ஆர்கனோபாஸ்பேட் நோயாளிகள் குவியும் இடம் இதுதானே.

1990-களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வுகள், சொட்டாக ஏற்றிய பிராலிடாக்சிம் பலன் தரவில்லை என்றன. 2006-இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து வந்த ஆய்வு, சீக்கிரம் வந்தவர்களுக்கு உயர்ந்த அளவில் இடைவிடாமல் ஏற்றினால் சாவு குறைகிறது என்றது. 2009-இல் இலங்கையில் நச்சியல் ஆய்வாளர் எடில்ஸ்டனின் குழு 235 பேரிடம் செய்த ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 24.8 சதவீதமும் பெறாதவர்களில் 15.8 சதவீதமும் இறந்தனர். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும், பலன் இருப்பதாக இந்த ஆய்வை வைத்து எவரும் சொல்ல முடியாது.

முடிவுகள் முரண்படுவதற்குக் காரணங்கள் உண்டு. குடித்த நஞ்சு எது, எவ்வளவு, எத்தனை மணி நேரம் கழித்து வந்தார் என்பவை ஆளுக்கு ஆள் வேறு. சில ஆர்கனோபாஸ்பேட்டுகள் நொதியோடு சில மணி நேரத்திலேயே நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அதன்பின் பிராலிடாக்சிம் ஏற்றிப் பயனில்லை. இந்த விவாதத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று: ‘பாம்’ இல்லை என்பதற்காக நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி அடுத்த ஊருக்கு விரட்டக் கூடாது. அட்ரோபினும் ஆக்சிஜனும் ஏற்றி நிலைப்படுத்திய பிறகே அனுப்ப வேண்டும்.

மூன்றாம் நாள் கண்டம்

முதல் நாளைத் தாண்டியவர் கண் திறந்து பேசுவார். அட்ரோபின் குறையும், உறவினர் முகத்தில் தெளிவு வரும். ஏமாறுவது இங்கேதான். இருபத்து நான்கு முதல் தொண்ணூற்றாறு மணி நேரத்துக்குள் கழுத்து, தோள், இடுப்புத் தசைகள் ஓய்ந்து, கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடலாம். புனேயின் வாடியா குழு 1974-இலேயே இதன் சாயலை எழுதியிருந்தது. இலங்கையின் சேனநாயக்கவும் கரலியத்தவும் 1987-இல் பத்து நோயாளிகளை முன்வைத்து இதைத் தனி நிலையாக வரையறுத்து, ‘இடைநிலை நோய்க்கூறு’ என்று உலகம் அறியச் செய்தார்கள்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். “தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க” என்று சொல்லி, நெற்றியில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தால் போதும். தூக்க முடியாவிட்டாலோ, தூக்கியதை நிறுத்திவைக்க முடியாவிட்டாலோ, வென்டிலேட்டரைத் தயாராக வைக்க வேண்டிய நேரம். ஒரே மூச்சில் எத்தனைவரை எண்ண முடிகிறது என்று கேட்பதும் உதவும். இதை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியவர் பெரும்பாலும் நைட் டூட்டி செவிலியர்தான். அவருக்கு இந்தப் பயிற்சி இருக்கிறதா என்பதில்தான் பலரின் உயிர் தொங்குகிறது. வென்டிலேட்டரில் ஒன்று முதல் மூன்று வாரம் தாங்கிப்பிடித்தால் தசை மீண்டுவிடும். 2022 ஜனவரியில் திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. முன்பு எதற்கும் கோவைக்கு ஓட வேண்டியிருந்த நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் உடுமலையிலும் தாராபுரத்திலும் முதலில் பார்ப்பவர் கையில்தான் இன்னமும் பாதி முடிவு இருக்கிறது.

பிழைத்தபின் இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் மரத்து, பாதம் தொங்குவது சில வகை நஞ்சுகளில் உண்டு. மீண்டும் வந்து காட்டச் சொல்லி அனுப்புவது சிகிச்சையின் பகுதியே.

தெளிப்பவரின் நோய்

குடிக்காமலே நஞ்சேறுபவர்களை எளிதில் தவறவிடுகிறோம். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஆளுயரப் பருத்திக்குள் நின்று, பல மருந்துகளை ஒரே டேங்கில் கலந்து, முகமூடி கையுறை இல்லாமல் அடித்ததன் விளைவு. திருப்பூரின் நூலுக்கும் அதே பஞ்சுதான் அடிப்படை.

இங்கே தென்னைக்குச் சிலந்திப்பூச்சியும் கருந்தலைப்புழுவும் வந்தபோது, வேரைச் சீவி மோனோகுரோட்டோபாஸ் பையைக் கட்டும் முறை பரவியது. அந்தப் பாட்டில் ஒவ்வொரு தோப்பிலும் மிஞ்சிக் கிடந்தது. தெளித்துவிட்டு வந்தவர் தலைவலி, கிறக்கம், மங்கிய பார்வை, வாந்தி என்று வந்தால், “வெயில் பட்டிருக்கும்” என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்புவது வழக்கம். “இன்னிக்கு மருந்து அடிச்சீங்களா?” என்ற ஒரு கேள்வி போதும். முகம் எரிகிறது, ஊசி குத்துகிறது என்று மட்டும் சொன்னால் சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டாக இருக்கலாம். அது தானாகத் தணியும்.

போலீஸ் கேஸ் என்ற பயம்

தனியார் மருத்துவமனை ஒதுக்குவதும், குடும்பம் மறைப்பதும் இந்தப் பயத்தால். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்குச் சட்ட நடைமுறைக்குக் காத்திராமல் சிகிச்சை அளிப்பது மருத்துவரின் கடமை என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதி, அவரைத் தண்டிக்காமல் பராமரிக்கச் சொல்கிறது. ஆகவே பிழைத்தவரை மனநல மருத்துவரிடம் காட்டாமல் டிஸ்சார்ஜ் செய்வது அரைகுறைச் சிகிச்சை. மனம் தளர்ந்தவர்கள் டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் எந்நேரமும் பேசலாம்.

பாட்டிலை எடுத்துவிட்டால்

1958-இல் கேரளத்தில் உணவுப்பொருளில் பாரத்தியான் கலந்து நூறு பேருக்கு மேல் இறந்ததன் தொடர்ச்சியாகத்தான் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 2013-இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் சத்துணவு சாப்பிட்ட 23 குழந்தைகளைக் கொன்றது மோனோகுரோட்டோபாஸ். அதன் முக்கியத் தயாரிப்புக்கு நடுவண் அரசு தடைபோட்டதோ 2023-இல்தான்.

இலங்கை வேறு வழியில் போனது. 1995-இல் மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ், 1998-இல் எண்டோசல்பான், 2008 முதல் 2011-க்குள் டைமெத்தோயேட், பென்தியான், பாராக்குவாட் என்று கொடியவற்றை ஒவ்வொன்றாக விலக்கியது. இருபது ஆண்டுகளில் அந்நாட்டுத் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. 1990-களின் தடைகளால் விளைச்சல் குறையவில்லை என்றும் ஆய்வுகள் காட்டின. பூட்டுப் பெட்டி கொடுக்கும் முறை இந்த அளவு பலன் தரவில்லை. தமிழகத்தின் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழு பொது லாக்கர் வைத்துப் பார்த்தபோது நம்பிக்கை பிறந்தது. ஆனால் இலங்கையில் வீடுதோறும் பூட்டுப் பெட்டி கொடுத்து 2017-இல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தென்படவில்லை.

தமிழக அரசும் 2022-23-இல் ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை விதித்தது. மஞ்சள் பாஸ்பரஸ் எலிபேஸ்ட்டையும் தடைசெய்தது. பூச்சிக்கொல்லியைத் தற்காலிகமாகத் தடுக்கத்தான் மாநிலத்துக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. நிரந்தரத் தடை டெல்லியின் கையில்.

கோபத்திலோ கடன் நெருக்கடியிலோ குடிப்பவர்களில் பலர் சில நிமிடங்களுக்கு முன்புவரை அப்படி நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் கைக்கெட்டும் பாட்டிலில் இருப்பது எது என்பதே அவர்கள் பிழைப்பார்களா என்பதைத் தீர்மானிக்கிறது. திருப்பூர் மாவட்டத்தில் செய்யக்கூடியவை எட்டாத காரியங்கள் அல்ல. ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் முதல் மணி நேரத்துக்குப் போதுமான அட்ரோபின் ஆம்பூல் கையிருப்பு வேண்டும். இரு மடங்கு முறையைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். தலை தூக்கும் சோதனையைச் செவிலியர் சார்ட்டில் ஒரு கட்டமாகச் சேர்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் டெல்லி எய்ம்ஸின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தைக் கூப்பிடத் தயங்கக் கூடாது. மாநில அரசு, மிஞ்சியிருக்கும் கொடிய பாட்டில்களுக்கு நிரந்தரத் தடை கேட்டு நடுவண் அரசை விடாமல் நெருக்க வேண்டும். ஐ.சி.யூ. படுக்கைகளைக் கூட்டுவதைவிட இந்தக் கடைசி வேலையே அதிக உயிரைக் காக்கும் என்பதற்கு அண்டை நாட்டின் இருபது ஆண்டு அனுபவம் சாட்சி.